பழைய பைபர் வள்ளத்தின் அறைமூடி: உக்கிய பலகையை மாற்றும் முறை

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் கடற்றொழிலாளரும் இருந்தனர். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் செய்த கமக்காரக் குடும்பங்களும் இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. தோட்டக் காணிகளில் ஒரு பகுதி இன்னமும் உரியவர் கைக்கு வரவில்லை. காணியின்றி இருக்கும் கமக்காரர் சிலர் கரையோரத்து அயலவரோடு சேர்ந்து கடலுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு பழைய பைபர் வள்ளத்தை வாங்குவதும் உண்டு. அவர்களை மனதில் வைத்தே இப்பாடத்தை எழுதுகிறோம்.

பைபர் உக்காது என்றே எம்மில் பலர் நம்புகிறோம். அது பாதி உண்மை. கண்ணாடி நாரும் பிசினும் உக்குவதில்லை. ஆனால் ஆள் மிதிக்கும் இடத்திலும் பாரம் தாங்கும் இடத்திலும் இரண்டு பைபர்த் தோல்களுக்கு நடுவே பலகை வைத்துத்தான் வள்ளம் கட்டுவார்கள். மேல்தோலையும் கீழ்த்தோலையும் விலக்கிப் பிடித்திருப்பது இந்தப் பலகையே. அது உக்கினால் இரு தோல்களும் தனித்தனி மெல்லிய தகடுகளாகிவிடும். வெளியே பார்க்க மூடி முழுசாகவே இருக்கும். இருட்டில் வலை இழுக்கும்போது ஒருவர் அதன்மேல் காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். அணியத்து அறையின் மூடி உடைந்தால் முன்னே அடிக்கும் அலை நேரே அறைக்குள் இறங்கும்.

1960களின் இறுதியில் நோர்வே உதவியுடன் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் வள்ளங்கள் கட்டிய காலத்திலிருந்து எமது கரைகளில் பைபர் வள்ளம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட வள்ளங்கள் பல தரத்தில் குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே எச்சரித்தது. எந்தக் காலத்து வள்ளமானாலும், பழையதை வாங்கும்போது மூடியைத் தட்டிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

நோயை அறிதல்

ஒரு திருகாணிச் செலுத்தியின் பிடியால் மூடி முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று இறுகிய ஒலி தரும். உக்கிய இடம் பழுத்த பூசணிக்காயைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். பிணைச்சலின் அடியிலிருந்து மண்ணிறத் தண்ணீர் கசிகிறதா என்றும் பாருங்கள். ஐயம் தீராவிட்டால் அடிப்பக்கத்தில் சிறிய துளையொன்று இட்டு வெளிவரும் தூளைக் கையில் எடுங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் பலகை நல்லது. கறுத்து ஈரமாக, காளான் மணத்தோடு வந்தால் வேலை இருக்கிறது.

உளுத்தல் வேறு, உக்கல் வேறு என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முன்னையது பூச்சி செய்வது. பின்னையது ஈரத்தில் வளரும் பூஞ்சணம் செய்வது. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு: கடல் நீரைவிட மழை நீரே பலகைக்குப் பெரிய பகை. உப்பு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும்; மழை நீர் அதை வளர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் கரையில் சும்மா இழுத்து வைத்த வள்ளமே பெரும்பாலும் உக்குகிறது. நீர் இறங்கும் வழியோ பிணைச்சலுக்கும் கைப்பிடிக்கும் இட்ட ஆணித் துளைகள்.

துளையிட்டுப் பிசினை ஊற்றி அடைத்தால் போதும் என்று சொல்வோர் உண்டு. ஈரப் பலகையில் பிசின் ஒட்டாது. மேலே இன்னொரு பைபர்த் தட்டு ஒட்டுவதும் ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதேயாகும். திறந்துதான் ஆக வேண்டும்.

திறத்தல்

மாசி முதல் ஆவணி வரையான உலர்ந்த நாட்களைத் தெரிவு செய்யுங்கள். மூடியைக் கழற்றி, சாக்கு விரித்த சமமான மேசையில் குப்புற வையுங்கள். அடிப்பக்கத் தோலையே வெட்ட வேண்டும். மேற்பக்கம் வழுக்காத சொரசொரப்போடு இருப்பதால் அதைத் தொடாமல் விடுவது நல்லது. விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே கோடு கீறி, கிறைண்டரால் தோலின் கனத்துக்கு மட்டும் வெட்டுங்கள். மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டியதில்லை. ஆழமாக இறக்கினால் மேல்தோலும் அறுபடும். வெட்டிய தோலை நெம்பி எடுத்து, உக்கிய பலகையை உளியால் சுரண்டி அகற்றுங்கள். விளிம்போரத்தில் ஒளிந்திருக்கும் துண்டுகளை வளைந்த கம்பியால் தோண்டி எடுக்க வேண்டும். நல்லதாகத் தெரிகிற பலகையிலும் ஈரம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது இரட்டைச் செலவு.

பிறகு சில நாட்கள் வெயிலில் காயவிட்டு, உட்புறத்தைக் கரடுமுரடான மணற்கடதாசியால் தேய்த்து, அசற்றோன் தோய்த்த துணியால் துடையுங்கள். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலையும் நெஞ்சையும் அரிக்கும். முகமூடி, கண்ணாடி, நீளக் கைச் சட்டை ஆகியவை இன்றி இதைச் செய்யக்கூடாது.

புதிய பலகை

கடலுக்கு உகந்த, நீர் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகையை வாங்குங்கள். பழைய பலகையின் கனமே இதற்கும் வேண்டும். பெரும்பாலும் 9 அல்லது 12 மில்லிமீற்றர் இருக்கும். வளவில் நிற்கும் வேம்பையோ பூவரசையோ அறுத்துப் போடலாமே என்று தோன்றும். தனி மரப்பலகை ஈரத்தில் அகலவாட்டில் பருத்தும் வெயிலில் சுருங்கியும் தோலைப் பிளக்கும். ரெஜிபோம் வைக்கவே வேண்டாம். பொலியெஸ்ரர் பிசின் பட்டதும் அது கரைந்துவிடும்.

மூடி சற்று வளைந்திருந்தால் பலகையைச் சிறு சதுரங்களாக வெட்டி அடுக்குங்கள். காற்று வெளியேற ஆங்காங்கே சிறு துளைகள் இடுங்கள். நோவாவின் பேழைக்கு உள்ளும் வெளியும் கீல் பூசப்பட்டதை ஆதியாகமத்தில் வாசித்திருக்கிறோம். இங்கும் அதே முறைதான்: பலகையின் இரு பக்கங்களுக்கும், முக்கியமாக வெட்டு விளிம்புகளுக்கும், முதலில் பிசின் பூசி இறுகவிட வேண்டும். பிறகு மேற்பரப்பை இலேசாகத் தேய்த்துவிடுங்கள்.

இரண்டடிச் சதுர மூடிக்கு, சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடி நார்ப்பாய் ஒரு படைக்கு ஏறக்குறைய 170 கிராம் செல்லும். பலகையின் அடியில் ஒரு படை, மேலே மூன்று படை என நான்குக்கு 700 கிராம் போதும். நார்ப்பாயின் நிறையைப்போல் இரண்டரை மடங்கு பிசின் வேண்டும். பூச்சுக்கும் நிரப்புவதற்கும் சேர்த்து இரண்டரைக் கிலோ வாங்கலாம். திறந்த பிசினும் இறுக்கியும் நெடுநாள் இருக்கா. ஆகவே மூன்று நான்கு வள்ளக்காரர் சேர்ந்து ஒரே நாளில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

எமது வெப்பத்துக்கு ஒரு கிலோ பிசினுக்கு 10 மில்லிலீற்றர் இறுக்கி போதும். ஊசி போடும் சிறிஞ்சால் அளந்து எடுங்கள். கண்மட்டத்தில் ஊற்ற வேண்டாம். ஒரு முறைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவும் வேண்டாம். மீந்த கலவை பாத்திரத்திலேயே சூடேறிப் புகையக் கூடும். கிடுகு வேலிக்கும் கிடுகுக் கொட்டிலுக்கும் அருகில், அடுப்படிக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கோபால்ற் எனப்படும் ஊதா நிறத் திரவத்தைத் தனியாகத் தந்திருந்தால் அதை முதலில் பிசினில் நன்கு கலந்த பின்னரே இறுக்கியைச் சேருங்கள். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும். இறுக்கி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகளை அன்று தூரத்தில் வைத்திருங்கள்.

மூடுதல்

மேல்தோலின் உட்புறத்தில் பிசின் பூசி, நார்ப்பாய் ஒரு படையை நனைத்து விரித்து, அதன்மேல் பலகையை அழுத்தி வையுங்கள். துளைகளால் பிசின் பிதுங்கி வந்தால் அடியில் வெற்றிடம் இல்லை என்று அறியலாம். பொலித்தீன் விரித்து மண் மூட்டைகளால் பாரம் ஏற்றி, இறுகும்வரை விடுங்கள். விளிம்பு இடைவெளிகளைப் பிசினும் நறுக்கிய கண்ணாடி நாரும் குழைத்த களியால் நிரப்புங்கள். பழைய தோலின் வெட்டு விளிம்பை ஒன்றரை அங்குல அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின் மேலும் ஏறும்படி மூன்று படைகளையும் போடுங்கள். ஒவ்வொரு படையிலும் உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். கடைசியில் மெழுகு கலந்த மேற்பூச்சு ஒன்று பூசினால் ஒட்டும் தன்மை நீங்கும். ஒரு நாள் நிழலில் இறுகட்டும்.

இனிப் பிணைச்சல். இத்தனை வேலையும் நிலைப்பது இந்தத் துளைகளில்தான். கால் அங்குல ஆணிக்கு அரை அங்குலத் துளை இடுங்கள். அதை அதே களியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் கால் அங்குலத் துளை இடுங்கள். இப்போது ஆணியைச் சுற்றிப் பிசின் மட்டுமே இருக்கும். தண்ணீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது. கறள் பிடிக்காத ஆணியையே போட்டு, தலையின் அடியில் சிலிக்கன் பசை தடவுங்கள். கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இவ்வாறே செய்ய வேண்டும்.

இயந்திரம் பூட்டும் பின்பலகையும் இதே விதமாகவே உக்கும். முறை ஒன்றே என்றாலும், அங்கே பிழைத்தால் இயந்திரம் கடலுக்குள் போகும், ஆளும் போகலாம். மூடியில் கை பழகியவரும் பின்பலகையை அனுபவமுள்ள படகு வேலைக்காரரிடமே கொடுப்பது நல்லது என்பது எமது எண்ணம்.

மாரி தொடங்குமுன் வள்ளத்தைக் கவிழ்த்து, அடியில் கட்டை கொடுத்து வையுங்கள். கவிழ்க்க ஆள் போதாவிட்டால் கிடுகோ தறப்பாளோ கட்டி, மூடியைக் கழற்றிக் கொட்டிலுக்குள் சுவரோரம் நிறுத்தி வைத்தாலும் போதும். அறைக்குள்ளும் காற்றோட்டம் கிடைக்கும்.