புதுக் கணினி மந்தமா?

ஹந்தானை மலைக் குளிரில் கணினி சூடாகாது என்று நம்பிவிடாதீர்கள். பேராதனை வளாகத்துக்கு மேலே பனிமூட்டம் இறங்கும் இரவிலும், கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியிருந்தால் புரொசஸர் 95 பாகை செல்சியஸைத் தொடக்கூடும். உடனே தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். எட்டுக் கோர் இருந்தும் பயனில்லை. கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் கிகாஹெர்ட்ஸைக் கவனியுங்கள். அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்தால் முதலில் கூலரைக் கழற்றிப் பாருங்கள், தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் பூசுங்கள்.

அடுத்தது ரேம். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம். 8 ஜிபி இரண்டு போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் 2ஆம், 4ஆம் ஸ்லாட்டுகள்தான் சரி. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கினால்தான் ரேம் பெட்டியில் எழுதிய வேகம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தானே இருக்கிறது?