சிலம்பும் சாட்சியும்: இராணுவ ஆட்சியில் மகளிர் மனித உரிமைக் காவலர்

முன்னுரை

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கண்ணகி சிலம்பைக் கொண்டு செல்லாமல் வெறுங்கையோடு அழுதுகொண்டு போயிருந்தால் பாண்டியன் கேட்டிருப்பானா?" என வினவினாள். கேட்டிருக்க மாட்டான் என்பதே விடை. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். அவ்வேறுபாட்டை அவையில் மெய்ப்பித்துக் காட்டியதனாலேயே அவள் வென்றாள். அவளது கண்ணீருக்குப் பின்னால் மறுக்கவொண்ணாச் சாட்சியம் ஒன்று இருந்தது. அதனைக் கண்ட அரசனும் தன் பிழையுணர்ந்து அக்கணமே உயிர்நீத்தான்.

சாட்சியம் கண்டு தான் வீழ்ந்தவன் பாண்டியன். சாட்சி சொல்ல வந்தவரையே வீழ்த்துவது படைவலியால் ஆள்வோரின் இயல்பு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இராணுவ ஆட்சியின்கீழ் மனித உரிமை காக்க முனைந்த மகளிர் உற்ற இன்னல்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இராணுவ ஆட்சி என்பது யாது?

இராணுவ ஆட்சி இருவகைப்படும். படைத்தலைவர்கள் அரசைக் கவிழ்த்து ஆட்சியைக் கைப்பற்றுவது ஒருவகை. 1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவிலும், 2021 பிப்ரவரி 1 அன்று மியன்மாரிலும் நிகழ்ந்தவை இதற்குச் சான்றாகும். தலைநகரில் தேர்தலும் நாடாளுமன்றமும் நடைபெற, ஒரு பகுதியில் மட்டும் மக்கள் வாழ்வு முழுவதும் துப்பாக்கியின் நிழலில் அமைவது மற்றொரு வகை. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையின் பிடியிலிருந்த யாழ்ப்பாணமும், 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையிலிருந்த மணிப்பூரும் இரண்டாம் வகையைச் சாரும். முதல்வகை உலகோர் கண்ணுக்குப் புலப்படும். இரண்டாம் வகையைக் கண்டு சொல்ல, ஆங்கு வாழ்வோரே சாட்சியாக எழ வேண்டும்.

ராஜினி திரணகம

அவ்வாறு எழுந்த தமிழ்ப்பெண் மருத்துவர் ராஜினி திரணகம. 1954இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் மருத்துவம் பயின்று, இங்கிலாந்தில் உடற்கூற்றியலில் உயராய்வு செய்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக விளங்கினார். வெளிநாட்டிலேயே தங்கி வளமாக வாழும் வாய்ப்பிருந்தும், இரு பெண்மக்களுடன் போர் நிகழும் மண்ணுக்கே மீண்டார்.

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. அம்மாதம் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனையினுள்ளேயே மருத்துவரும் செவிலியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய கொடுமைகளை எழுத்தில் வடிக்க, 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினை உருவாக்கியோருள் ராஜினியும் ஒருவர். போரால் நலிந்த மகளிர்க்கெனப் 'பூரணி' இல்லம் அமைவதிலும் அவர் பங்கு கொண்டார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் துயரைக் கேட்டறிந்து எழுதினார். அவ்வெழுத்து, அவரும் உடனாசிரியர் மூவரும் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலில் இடம்பெற்றது.

அவர் எழுத்தின் தனிச்சிறப்பு நடுநிலைமையாகும். இந்தியப் படையின் கொடுமையை எழுதிய அதே கை, இலங்கை அரசின் கொடுமையையும், தாம் ஒருகாலத்தில் ஆதரித்த விடுதலைப் புலிகளின் கொடுமையையும் எழுதியது. 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது 35. நூல் உலகோர் கைக்கு முறையாக வந்தது 1990இல்தான். கொன்றோர் புலிகளே என்பது அவர்தம் குடும்பத்தாரும் தோழரும் தொடர்ந்து கூறிவருவதாகும். அமைதி காக்கவெனச் சென்ற படை நிலைகொண்டிருந்த ஊரில் அக்கொலை நிகழ்ந்தது என்பதும் எண்ணத்தக்கது.

ஒடுக்குமுறையின் நான்கு படிகள்

உலகெங்கும் இத்தகைய மகளிர் ஒடுக்கப்பட்ட முறைகளை ஒப்பிட்டு நோக்குங்கால் நான்கு படிகள் புலனாகின்றன.

முதலாவது, இழிபெயர் சூட்டல். காணாமற்போன தம் மக்களைத் தேடி 1977 ஏப்ரல் 30 முதல் அர்ஜென்டினத் தலைநகர்ச் சதுக்கத்தில் கூடிய அன்னையரை, ஆட்சியாளர் 'பைத்தியக்காரிகள்' என்று எள்ளினர். ஆணொருவன் எதிர்த்தால் அவனைத் துரோகி என்பர். பெண்ணாயின் அவள் அறிவையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே பழிப்பர். சான்றை மறுக்க இயலாதபோது சான்றாளரின் பெயரைக் கெடுத்தல் எளிதன்றோ?

இரண்டாவது, சட்டத்தைக் கருவியாக்கல். 2000 நவம்பர் 2 அன்று மணிப்பூரின் மாலோமில் பேருந்துக்குக் காத்திருந்தோர் உள்ளிட்ட பத்துப்பேர் படையினரால் சுடப்பட்டு இறந்தனர். அதனைக் கண்டித்து உண்ணாநோன்பு தொடங்கிய இரோம் சர்மிளா, தற்கொலை முயற்சி என்னும் குற்றச்சாட்டில் மீண்டும் மீண்டும் கைது செய்யப்பட்டார். மூக்கு வழியே குழாய் செலுத்தி உணவூட்டப்பெற்ற நிலையில் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 2016 ஆகஸ்ட் 9 அன்று நோன்பை முடித்தார். சட்டத்தை மாற்றுக என்றவர், சட்டத்தாலேயே சிறைப்பட்டார். போர் முடிந்த பின்னும் இராணுவம் நிறைந்திருந்த கிளிநொச்சியில், காணாமற்போன மகனைத் தேடிக் குரலெழுப்பிய தாய் ஒருவர் 2014 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதாகி ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்ததும் இவ்வகையினதே.

மூன்றாவது, உடலின் மீது வன்முறை. 2004 ஜூலையில் இம்பாலில் தங்ஜம் மனோரமா என்னும் பெண் படையினரால் இல்லத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர்ப் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அம்மாதம் 15ஆம் நாள், படைத்தலைமையகமாக விளங்கிய காங்லா கோட்டையின் வாயிலில், பன்னிரு அன்னையர் ஆடை களைந்து நின்று நீதி கேட்டனர். நாணத்தையே அணியாகப் போற்றும் சமுதாயத்தில் அவ்வன்னையர் அந்நிலைக்குத் தள்ளப்பட்டனர் எனின், நாணவேண்டியவர் யாவர்? அவ்வாண்டு நவம்பரிலேயே காங்லாவைப் படை காலிசெய்தது.

நான்காவது, இருந்த தடமே இல்லாதொழித்தல். அர்ஜென்டின அன்னையர்க்கு வழிகாட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர், காணாமற்போனோரின் பெயர்ப்பட்டியல் நாளேட்டில் வெளிவந்த 1977 டிசம்பர் 10 அன்றே கடத்தப்பட்டார். காணாமற்போனோரைத் தேடியவரே காணாமற்போனார். அவர்தம் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டது 2005இல். யாழ்ப்பாணத்திலும் கவிஞர் செல்வி 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், மீளவேயில்லை. சீருடை வேறாயினும் செயல் ஒன்றே.

நம்மவர் என்னும் சோதனை

அர்ஜென்டினாவை நாம் எளிதில் கண்டிப்போம். அது தொலைவிலுள்ளது. ஆனால் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற படை நம் நாட்டுப் படை. அதனை எதிர்த்தவர் நம் மொழி பேசுவோர். அதனாலேயே ராஜினியின் பெயர் நம் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது. ஒருசாரார் முதற்பகுதிச் சாட்சியத்தை மறைப்பர். மறுசாரார் பிற்பகுதியை மறைப்பர். இரண்டையும் ஒருங்கே சொல்வோர்க்கு இருபுறமும் இடமில்லை.

இந்நடுநிலைமையின் பயனை நம் சமுதாயம் நேரில் அறியும். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். அவ்வநீதியைத் தமிழர் தரப்பிலிருந்தே எழுத்தில் பதிவு செய்தோருள், ராஜினி உயிர்கொடுத்து வளர்த்த அவ்வாசிரியர் அமைப்பினரும் அடங்குவர். நமக்காகப் பிறர் சொன்ன சாட்சியை நன்றியுடன் ஏற்கும் நாம், பிறர்க்காகச் சாட்சி சொல்ல முன்வருகின்றோமா என்பதே வினா.

தவளக்குப்பத்தில் வாழும் நமக்கு இவை அயலார் கதைகள் அல்ல. புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஈழத்து அகதிக் குடும்பங்கள் வாழ்ந்து வந்துள்ளன. அம்முதியோரிடம் அமர்ந்து கேட்டால், நூலில் ஏறாத சாட்சியங்கள் எத்தனையோ கிட்டும்.

முடிவுரை

மனித உரிமைக் காவலர் பற்றிய அறிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று ஏற்றது. அவருள் மகளிரைக் காப்பதற்கெனத் தனித் தீர்மானத்தை 2013இல் நிறைவேற்றியது. இவை வேண்டுவனவே. எனினும் தாளில் எழுதிய தீர்மானம், தனித்து நிற்கும் பெண்ணுக்குத் தானே அரணாகிவிடாது. அவள் சொல்வதைக் கேட்கவும் நினைவில் வைக்கவும் ஒரு சமுதாயம் வேண்டும்.

கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் சிதறியதை அவையோர் அனைவரும் கண்டனர். கண்டவர் இருந்தமையால் அது வழக்காயிற்று. பின்னர்க் காப்பியமும் ஆயிற்று. மாணவ மாணவியரே, சிலம்பேந்தி வரும் பெண் எவ்வூரினளாயினும் எம்மொழியினளாயினும், அவள் சுட்டும் விரல் நம்மை நோக்கியே நீளினும், கண்ணை மூடிக்கொள்ளாத அவையினராக நீங்கள் இருத்தல் வேண்டும். இலக்கியம் கற்றதன் பயன் அதுவே.