தலையசைப்பும் விடையும்
‘புரிந்ததா?’ என ஆசிரியர் வினவினால் வகுப்பே தலையசைக்கும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குச் சென்றவர்களுள் நானும் ஒருவன்.

ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் வேறு வழியைக் கைக்கொண்டார். பாடத்தின் நடுவே ஒரு வினாவைத் தொடுப்பார். மாணவர் தனித்தனியே சிந்தித்து வாக்களிப்பர். விடைகள் பிளவுபட்டிருப்பின் சரியானதை உடனே சொல்லிவிட மாட்டார். அருகிருப்போருடன் வாதிட்டபின் மீண்டும் வாக்களிக்கச் செய்வார். விடையைவிட அவ்வாதமே பயன் மிக்கது என்பது என் கருத்து.

அன்று அட்டைகள் செய்த பணியை இன்று மென்டிமீட்டர், கஹூட் முதலிய இணையச் செயலிகள் செய்கின்றன. கைப்பேசியில் மாணவர் தேர்ந்த விடைகள் திரையில் பட்டை வரைபடமாக எழும். பெயர்களை மறைத்தும் வைக்கலாம். தன்னைப் போலவே பாதி வகுப்பும் தவறியிருப்பதைக் காணும் கடைசி இருக்கை மாணவர், ஐயத்தைக் கேட்கக் கையுயர்த்துவார்.