பழைய லாரிக்கு இரட்டைப் புகைக்குழாய்

திருச்சானூரில் பழைய டாடா லாரி ஒன்றின் உரிமையாளர், குறைந்த செலவில் அதற்கு இரட்டைப் புகைக்குழாய் பொருத்த விரும்புகிறார் எனக் கொள்வோம். குழாய் இரண்டானால் இழுவிசை கூடும் என்பது அவர் எண்ணம். அது சரியா?

அமெரிக்கச் சிறு லாரிகள் பலவற்றில் 'வி' வடிவ எட்டுச் சிலிண்டர் இயந்திரம் உண்டு. சிலிண்டர்கள் பக்கத்துக்கு நான்காகப் பிரிந்திருப்பதால் இரு குழாய்கள் அதற்கு இயல்பாகவே பொருந்தும். டாடா 697 இயந்திரத்திலோ ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. புகையனைத்தும் ஒரு பக்கம் திரண்டு ஒரே குழாயில் இறங்குகிறது. அதனைப் பின்புறத்தில் இரண்டாகப் பிரித்தால் பார்வைக்கு மிடுக்காக இருக்கும், அவ்வளவே.

பழைய வண்டி திணறுவதற்குக் கரி அடைத்த சைலன்சரோ, தூசி படிந்த காற்று வடிகட்டியோ காரணமாகலாம். துருவேறிய குழாயை அகற்றி, அதே விட்டமுள்ள புதுக்குழாயும் புதிய கேஸ்கெட்டும் இடுவதே சிக்கனம். இணைப்பில் கசிவு இருத்தலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, ஓட்டுநர் அறையிலேயே உறங்குபவரின் உயிருக்கு அது ஊறு விளைவிக்கும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றன. புகை கீழ்நோக்கியோ இடப்புறமாகவோ வெளியேறுதல் கூடாது என்றும் கூறுகின்றன. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில், நடந்து செல்வோர் பெரும்பாலும் அப்பக்கத்தில்தானே இருப்பர்! பக்கத்துக்கு ஒன்றாகக் குழாய்களைத் திறந்துவிட்டால், இடக்குழாய் விதியை மீறியதாகும்.

பயிற்சி
1. டாடா 697 இயந்திரத்திற்கு ஒரு குழாயே போதுமானது ஏன்?
2. பிரித்து எழுதுக: புகையனைத்தும், துருவேறிய.