இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்கள்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் தரவுத்தளத்தில் ‘ஊர் மதுரை’ என்று வடிகட்டி எண்ணினேன். பிறகு ‘ஊர் மதுரை அல்ல’ என்று எண்ணினேன். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வரவில்லையே, ஏன்?

பதில்: விடுபட்டவர்கள் பெரும்பாலும் ஊர் பதிவாகாதவர்கள்தான். எஸ்.க்யூ.எல். முறையில் இயங்கும் தரவுத்தளத்தில் ஊர் ‘நல்’ (NULL) என்று இருந்தால், அது ‘தெரியாது’ என்றே கொள்ளப்படும். அவர் மதுரையா? தெரியாது. மதுரை அல்லாதவரா? அதுவும் தெரியாது. ‘ஆம்’ என்று உறுதியானவர்களை மட்டுமே வடிகட்டி தரும். அதனால் இவர்கள் இரண்டிலும் சேரமாட்டார்கள். (எக்செல் வடிகட்டியில் ‘அல்ல’ என்று கேட்டால் காலிக் கட்டங்களும் வந்துவிடும். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.) ‘ஊர் நல் (NULL) ஆக உள்ளவர்கள்’ என்று மூன்றாவதாக எண்ணுங்கள், கணக்கு சேர்ந்துவிடும்.

‘மதுரை அல்லது தேனி, மற்றும் தீபாவளிக்கு வாங்கியவர்’ என்று கேட்கும்போதும் கவனம் தேவை. அடைப்புக்குறி போடாவிட்டால் ‘மற்றும்’தான் முதலில் இணையும், வாங்காத மதுரைக்காரர்களும் பட்டியலில் ஏறிவிடுவார்கள். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே சட்டென்று மாறுகிறதோ, அந்த நிபந்தனையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.