வாசலில் நிற்பவரின் சட்டம்

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை வாசல். சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை, அதன் கீழே சுடுதண்ணிப் போத்தல், மடியில் வந்துபோவோரைப் பதிகிற கொப்பி. ஐயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலை ஆறுக்கு வந்தால் மாலை ஆறுக்குத்தான் ஆள் மாறும். சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டேன்.

"நாங்கள் கொந்தராத்து ஆக்கள் தம்பி. எங்களுக்கு உதெல்லாம் இல்லை."

யாழ்ப்பாணத்தில் செக்கியூரிட்டி வேலையைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் மிகக் கொடியது இதுதான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று ஆட்களைப் பிரிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பொருந்தும். ஊழியரின் பங்கு நூற்றுக்கு 8, தொழில் தருநரின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு இன்னும் 3. அது முழுக்க முதலாளி கட்டவேண்டியது, சம்பளத்தில் வெட்டக்கூடாது. கொந்தராத்து இருப்பது கடைக்கும் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் இடையில். ஐயா அந்த நிறுவனத்தின் ஊழியர். இதை அவருக்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

"பேசின காசு பேசினதுதான்" என்பதும் எடுபடாது. பாதுகாப்புச் சேவைக்கென்றே ஒரு சம்பளச் சபை இருக்கிறது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு அதற்கு மேல் வரவேண்டும். கடித உறைக்குள் காசை வைத்து "எல்லாம் சேர்த்துத்தான்" என்று நீட்டினால், எது அடிப்படை, எது மேலதிக நேரம் என்று எழுதிய சம்பளச் சீட்டைக் கேளுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். இன்று வங்கி வாசல், நாளை கல்யாண மண்டபம் என்று இடம் மாற்றினாலும் நிறுவனம் ஒன்றேயென்றால் சேவைக்காலம் அறுவதில்லை.

இன்னொரு நம்பிக்கை காவலாளியையே மறியலுக்கு அனுப்பக்கூடியது: சீருடை போட்டால் பாதிப் பொலிஸ் என்பது. கடையில் ஏதோ எடுத்தான் என்ற சந்தேகத்தில் ஒரு பொடியனைப் பின்னறையில் பூட்டிவைத்து, அடித்து விசாரிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு எந்தக் குடிமகனுக்கும் கொடுக்கிற அளவு அதிகாரந்தான் காவலாளிக்கும். பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் தன் கண்முன்னே நடந்தால், அல்லது அப்படிச் செய்ததாக நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர் தப்பி ஓடினால், பிடிக்கலாம். பிடித்ததும் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்கவேண்டும். பூட்டிவைத்தால் அது சட்டவிரோதத் தடுத்துவைப்பு. வழக்கில் பூட்டியவர் பெயர்தான் வரும், பூட்டச்சொன்ன முகாமையாளர் விலகிக்கொள்வார். துப்பாக்கியும் அப்படித்தான். சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல், முதலாளி தந்தார் என்று கையில் வாங்கவே கூடாது.

கடைக்காரரிடமும் ஒரு நம்பிக்கை உண்டு: "கொம்பனி பதிஞ்சிருக்கு, அது போதும்." போதாது. 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சில் தனியாகப் பதியவேண்டும். அந்தப் பதிவைப் புதுப்பித்தும் வரவேண்டும். ஒப்பந்தம் எழுதுமுன் கடைக்காரரும், வேலைக்குச் சேருமுன் காவலாளியும் நடப்பு வருடப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த கிழமை அந்த வழியால் போனேன். ஐயா கொப்பியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த திகதி, நின்ற வாசல்கள், மாதாமாதம் கைக்கு வந்த தொகை, எல்லாம் நீல மையில். தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோக அவருக்கு லீவு கிடைக்கும் நாள் எதுவென்று பார்த்துக்கொண்டிருந்தோம்.