பார்ட்னருக்குத் தெரியாமல் ஃபர்ம் மாற…

லா ஃபர்மில் மூன்று நான்கு வருடம் ஓட்டிய அசோசியேட் வேறு இடம் தேடும்போது, இன்டர்வியூவைவிட அதிகம் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு மின்னஞ்சல்: ‘இப்போதைய ஆபீஸிலிருந்து ஒரு ரெஃபரன்ஸ் வேண்டும்.’ இதைப் பற்றி ஹைகோர்ட் கேன்டீனில் கிடைக்கும் அறிவுரையில் பாதி தப்பு.

‘கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தயங்கினால் சந்தேகப்படுவார்கள்.’

படமாட்டார்கள். அவர்களிடம் இருப்பவர்களில் பலர் பழைய பார்ட்னருக்குத் தெரியாமல் வந்தவர்கள்தான். ‘ஆஃபர் உறுதியான பிறகு இப்போதைய ஃபர்மிடம் பேசுங்கள், அதுவரை இவர்களிடம் விசாரிக்கலாம்’ என்று இரண்டு பேரைக் கொடுத்தால் போதும். முன்பு ஜூனியராக இருந்த இடத்து சீனியர் ஒருவர். உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு ஃபர்மை விட்டுப் போன பார்ட்னர் இன்னொருவர். கட்சிக்காரர் கம்பெனியின் சட்டப் பிரிவுத் தலைவரைக் கொடுக்க ஆசை வரும், வேண்டாம். அடுத்த வாரமே அவர் உங்கள் பார்ட்னரோடு காபி குடிப்பார். யாரைக் கொடுத்தாலும் முதலில் போன் செய்து சம்மதம் வாங்குங்கள், விஷயம் ரகசியம் என்றும் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. ஆஃபர் லெட்டரில் ‘ரெஃபரன்ஸ் திருப்தியாக இருந்தால்’ என்று ஒரு வரி இருந்தால் அது இன்னும் அரை ஆஃபர்தான். அதை நம்பி ராஜினாமா கொடுப்பதைப் போல அபாயம் வேறில்லை. மற்ற சரிபார்ப்பெல்லாம் முடிந்தது, பாக்கி இருப்பது இப்போதைய ஃபர்ம் மட்டும், அங்கேயும் பதவியும் தேதியும் மட்டுமே கேட்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு, எச்.ஆர். போன் போவதற்கு முன்பே, பார்ட்னர் அறைக்குள் போய் நீங்களே சொல்லிவிடுங்கள்.

‘மோசமாகச் சொன்னால் கேஸ் போடலாம்.’

வக்கீல்களே இதைச் சொல்வதுதான் வேடிக்கை. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறிலிருந்து விலக்கிவிடுகிறது. இங்கிலாந்தில் 1994-இல் ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை, ரெஃபரன்ஸ் கொடுக்கும் முதலாளிக்குக் கவனமாக எழுதும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அதுவும் கவனக்குறைவுக்குத்தான், நிஜமான குறையை எடுத்துச் சொன்னதற்கு அல்ல. தவிர, நம் ஊரில் முக்கால்வாசி விசாரணை பார்ட்னருக்குப் பார்ட்னர் போனில் நடக்கிறது. ‘பையன் நல்ல பையன்தான்…’ என்று இழுத்து நிறுத்தினால் முடிந்தது கதை. அந்த இழுப்பை எந்த கோர்ட்டில் மார்க் செய்வது?

‘ரிலீவிங் லெட்டர் இல்லாமல் நகர முடியாது.’

பார் கவுன்சில் விதி 49-இன்படி, தொழில் நடத்தும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. அதனால் பல ஃபர்ம்களில் அசோசியேட் கைக்கு வருவது 10 சதவீத வரி பிடித்த தொழில்முறைக் கட்டணம். ஒப்பந்தம், வரிப்பிடித்தச் சான்று, பாங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் நீங்கள் அங்கே இருந்ததைச் சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் போட்ட நோட்டீஸ் காலத்தை மட்டும் ஒழுங்காக முடித்துக் கொடுங்கள்.

‘ரெஃபரன்ஸ் இல்லாத குறையை வேலையைக் காட்டி ஈடுகட்டலாம்.’

இருப்பதிலேயே ஆபத்தான யோசனை. தாக்கல் ஆகாத பிளெயின்ட் வரைவில் பெயர்களைக் கறுப்படித்திருப்பார்கள். நாலாவது பக்கத்து சொத்து விவரத்தில் சர்வே நம்பரும் கிராமமும் பளிச்சென்று இருக்கும். கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் கடமை, வேலை முடிந்த பிறகும் தொடர்கிறது என்பது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 132-ஆவது பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126. புது ஃபர்ம் நலன் மோதல் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டியல் கேட்கும், நியாயம்தான். காஸ் லிஸ்டில் எவரும் பார்க்கக்கூடிய வழக்கு எண்ணையும் தரப்பினர் பெயரையும் கொடுக்கலாம். இன்னும் கையெழுத்தாகாத டீல் எதுவும் அதில் வரக் கூடாது.